இலவசச் செயலியால் ஞாயிற்றுக்கிழமை மிச்சமானது; இப்போது புகார் வந்து நிற்கிறது!

டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவர் சொல்வதன் சாரம் இது. எட்டு முதல் பத்து வரை நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 40 பிள்ளைகளுக்கு மேல். வாரம் ஒரு சிறுதேர்வு வைத்தால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்துவிடும். பாடக்குறிப்பு, மதிப்பெண் பதிவேடு, எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தரவுத்தளம்) பதிவு எல்லாம் தனி. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருப்பதையே மறந்திருந்த நேரத்தில், கல்லூரியில் படிக்கும் மகன் கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஒரு மதிப்பெண் வினாக்கள் தாமே திருத்தப்பட்டன, மதிப்பெண்கள் கூகுள் ஷீட்டில் வரிசையாக விழுந்தன. அந்தத் துணிச்சலில் சாட்ஜிபிடி கொண்டு வினாத்தாள் தயாரித்தார். பிறகு பெரிய வினாக்களின் விடைத்தாள்களையும் படம்பிடித்து அதில் ஏற்றித் திருத்தச் சொல்லிப் பார்த்தார்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மார்க் ஷீட்டின் லிங்க்கை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பிள்ளையின் பெயர், மதிப்பெண், அம்மாவின் கைபேசி எண், ‘மெல்லக் கற்பவர்’ என்ற குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. லிங்க் குழுவைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மாணவியின் அம்மாவுக்கு இரவில் யாரோ தெரியாதவனிடமிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்து, சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கும் சைபர் கிரைமுக்கும் போகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தலைமையாசிரியர், “நாளையிலிருந்து எந்த ஆப்பும் வேண்டாம்” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். ஆசிரியர் அறையில் ஒருவர், “200 கோடி அபராதமாமே!” என்கிறார். இன்னொருவர், “இலவசம்தானே, படிப்புக்குத்தானே, ஒன்றும் ஆகாது” என்கிறார். “நான் என்ன குற்றம் செய்தேன்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதுதானா?” என்று கேட்கிறார் ஆசிரியை.

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் மிச்சப்படுத்திய நேரத்தையும் நடந்த தவறையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் தலைமையாசிரியரும் அப்படித்தான் பார்க்கிறார். அந்த முடிச்சை அவிழ்க்கலாம். ஒரு மதிப்பெண் வினாவை இயந்திரம் திருத்துவதற்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரிய வேண்டியதில்லை, அம்மாவின் எண் தெரிய வேண்டியதே இல்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பித் தந்த வேலைகளில் ஏறக்குறைய எதற்குமே பிள்ளைகளின் அடையாளம் தேவைப்படவில்லை. சிக்கல் வந்தது அடையாளத்தையும் சேர்த்து வெளியே அனுப்பிய இடத்தில் மட்டும்தான்.

புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

முதலில் சைபர் கிரைம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவு போன்றவை நேர்மையற்ற நோக்கத்தையோ மோசடி எண்ணத்தையோ தேடுபவை. மார்க் லிஸ்ட்டைப் பெற்றோருக்கு அனுப்ப நினைத்து, பகிர்வு அமைப்பைக் கவனிக்காமல் விட்ட ஆசிரியையிடம் அவை இரண்டும் இல்லை. உங்கள் கடிதத்தில் உள்ளபடியே பார்த்தால், கிரிமினல் வழக்கு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் அந்தப் பெண்மணியை அழைத்தவன் கதை வேறு. அவன் செய்தது குற்றமாக இருக்கலாம், அந்தப் புகார் கட்டாயம் போக வேண்டும். அழைப்பு வந்த எண், தேதி, நேரம், ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றோடு அவர்கள் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதிவு செய்யப் பள்ளியே கூட நிற்கட்டும். இன்று உங்கள் மேல் பாயும் கோபம், உங்களை எதிராளியாகப் பார்ப்பதால் வருவது. மகளுக்கும் மனைவிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதே அந்த அப்பாவின் கவலை. அதில் அவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது.

அடுத்து அந்த 200 கோடி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பெறுதல், பாதுகாப்பு ஏற்பாடுகள் போன்ற முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது, அதாவது 2027 மே மாதம் வரை. சிறார் தரவு தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அட்டவணையில் இருப்பது உண்மை. ஆனால் அது உச்ச வரம்பு. தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிக்கும் நிறுவனத்தை நோக்கி எழுதப்பட்டது அது. பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்பது பள்ளி நிர்வாகமும் செயலி நிறுவனமும்தான். இந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனையும் கிடையாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தத் தொகையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

துறை ரீதியான விசாரணை வேறு கணக்கு. அது வரலாம். பிள்ளைகளின் விவரங்களைக் கவனக்குறைவாக வெளியிட்டார் என்று விளக்கம் கேட்டால், “சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை” என்பது நல்ல பதிலாக இருக்காது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்றே சொல்லிவிட்டது. ஷீட்டில் இருந்த அந்தக் குறிப்பையும் யோசித்துப் பாருங்கள். ‘மெல்லக் கற்பவர்’ என்று பெயருக்கு நேரே போட்டு ஊர் பார்க்க விடுவதை, கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு தடை செய்யும் மன உளைச்சலாக ஒரு வழக்கறிஞர் வாதிட முடியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விஷயத்தில் அந்த வாதத்துக்குக் கனம் உண்டு. நானே எதிர்த்தரப்பில் இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ஆகவே உடனே சில காரியங்கள். ஷீட்டின் பகிர்வு அமைப்பில் ‘லிங்க் உள்ள எவரும்’ என்பதை மாற்றி ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று ஆக்குங்கள், பழைய லிங்க் அந்த நொடியே செத்துவிடும். அதற்கு முன் பகிர்வுத் திரையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஷீட்டையே அழித்துவிடாதீர்கள். நாளை விசாரணையில், ‘தடயத்தை அழித்தார்’ என்ற பேச்சுக்கு அது இடம் கொடுக்கும். யாராவது ஏற்கெனவே பதிவிறக்கிய நகலைத் திரும்பப் பெற வழியில்லை என்பதால், பட்டியல் தங்களிடம் இருந்தால் அழித்துவிடுமாறும் யாருக்கும் அனுப்பியிருந்தால் பள்ளிக்குச் சொல்லுமாறும் குழுவில் ஒரு சின்னச் செய்தி போடுங்கள். தலைமையாசிரியர் உடன் இருக்க, அந்தப் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள். என்ன நடந்தது, என்ன சரிசெய்யப்பட்டது என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த மாதிரி விஷயங்களில் பாதிப் புகார்கள் சம்பவத்தால் வருவதில்லை, பள்ளியில் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் வருகின்றன.

நீங்கள் நம்பியிருந்த சில விஷயங்கள்

“சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே” என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்ற பொதுவான கையெழுத்து, எல்லாவற்றுக்குமான ஒப்புதல் ஆகிவிடாது. புதிய சட்டம் கேட்பது இன்ன தரவு, இன்ன நோக்கத்துக்கு என்று தெரிந்து, குறிப்பாக, தடையின்றித் தரப்படும் ஒப்புதலை. 18 வயது நிறையாத எல்லோரும் அதன் பார்வையில் சிறார். அவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. கல்விச் செயல்பாட்டுக்காகவோ பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ கண்காணிக்கும் அளவுக்கு மட்டுமே அது பொருந்தும். மதிப்பெண்ணைப் பள்ளிக்குள் பதிவு செய்ய அது உதவும். 160 பேரின் பட்டியலை எல்லாருக்கும் காட்ட அது உதவாது.

“இலவசம்தானே” என்பது அடுத்தது. எட்மோடோ என்ற வகுப்பறைத் தளம் நினைவிருக்கிறதா? ஆசிரியர்கள் நடுவில் ஒரு காலத்தில் வெகு பிரபலம். 2022 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் தரவைத் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு, 60 லட்சம் டாலர் அபராதம். என் கவனத்தை இழுத்தது குற்றச்சாட்டின் இன்னொரு பகுதி. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும் பொறுப்பை அந்த நிறுவனம் பள்ளிகள், ஆசிரியர்கள் தலையில் கட்டியிருந்தது. நீங்கள் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று தட்டும் நிபந்தனைப் பக்கங்களில் அப்படி ஒரு வரி ஒளிந்திருக்கக் கூடும். 2022-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைவிக்கும் விதத்தில் தரவைக் கையாள்வதாகச் சொன்னது. அரசு பரிந்துரைத்தவற்றுக்கே அந்தக் கதி என்றால், மகன் யூடியூப்பில் பார்த்துச் சொன்னவற்றைச் சற்று யோசித்துத்தான் தொட வேண்டும்.

இலவசத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எப்போது வேண்டுமானாலும் கடையைக் கட்டும். கூகுளின் மின்வெண்பலகைச் செயலியான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் நின்றுபோனது. நீங்கள் உருவாக்கும் வினா வங்கியின் ஒரு நகல் எப்போதும் உங்கள் பென்டிரைவில் இருக்கட்டும்.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்த விஷயம் ஒன்று என்னை உறுத்தியது. ஃபார்ம்ஸ் எல்லாம் உங்கள் மகனின் ஜிமெயில் கணக்கில் இருக்கின்றனவாம், உங்கள் கணக்கில் இடம் நிறைந்துவிட்டதால். அப்படியானால் இத்தனை பிள்ளைகளின் விவரங்கள் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஓர் இளைஞரின் கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மகன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் கைபேசி தொலைந்தால்? விடுதி நண்பர் ஒருவர் திறந்து பார்த்தால்? எதிர்த்தரப்பு இதைக் கண்டுபிடித்தால் உங்களைத் தற்காப்பது கடினம். இந்த வாரமே எல்லாவற்றையும் பள்ளிக்கான தனிக் கணக்குக்கு மாற்றி, மகன் கணக்கிலிருந்து நீக்குங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்குக் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கல்விப் பதிப்பின் அடிப்படை வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளியின் பெயரில் ஒரு டொமைனும் (இணைய முகவரி) நிர்வகிக்க ஓர் ஆளும் வேண்டும், அவ்வளவுதான். நிர்வாகத்திடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

எதை விட வேண்டும், எதை விடக் கூடாது

எல்லாவற்றையும் நிறுத்துவது தலைமையாசிரியருக்கு எளிது, உங்களுக்கு நஷ்டம், பிள்ளைகளுக்கும் நஷ்டம். அவர் உத்தரவைத் தற்போதைக்கு மதியுங்கள். மீறினால் விசாரணையில் அதுதான் பெரிதாகும். ஆனால் கீழ்க்கண்ட மாற்றங்களோடு ஒரு திட்டத்தை அவர் முன் வையுங்கள்.

கூகுள் ஃபார்ம்ஸ் தேர்வைத் தொடரலாம். பெயர் கேட்கும் பெட்டியை எடுத்துவிட்டு எண் கேளுங்கள். வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணைக் கொடுத்தால் வகுப்பில் எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் வரிசைப்படி அமையாத ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும், இணையத்தில் எங்கும் வேண்டாம். சட்டப்படி அதுவும் தனிநபர் தரவுதான், திறவுகோல் உங்களிடம் இருப்பதால். ஆனால் நாளை லிங்க் கசிந்தாலும் வெளியே போவது வெறும் எண்களும் மார்க்கும்தான்.

அமைப்புகளில் நான்கு இடங்களைப் பாருங்கள். ‘மின்னஞ்சல் முகவரிகளைச் சேகரி’ அணைந்திருக்கட்டும். ‘ஒரு பதிலுக்கு மட்டும் அனுமதி’ என்பதை இயக்கினால் பிள்ளை கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கும், ஆகவே அதையும் அணையுங்கள். கோப்பு ஏற்றச் சொல்லும் வினாவைத் தவிருங்கள், அதற்கும் கணக்கு வேண்டும். முடிவுச் சுருக்கத்தைப் பதிலளித்தவர்களுக்குக் காட்டும் வசதி ஒன்று உண்டு. அது இயங்கினால் ஒரு பிள்ளை மற்றவர்களின் பதில்களையும் பார்க்கலாம். தேர்வை இரவு ஏழு மணிக்கு வீட்டில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பா கைபேசியோடு வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? பள்ளிக் கணினி அறையில், பாடவேளையில் வையுங்கள். காப்பியடிப்பதும் குறையும்.

கணினி இல்லாத, பிள்ளைகளிடம் கைபேசியும் இல்லாத வகுப்பறைக்கு என்னிடம் வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பெயர் பிளிக்கர்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். உங்கள் ஒரே ஒரு கைபேசியால் வகுப்பை ஒரு சுற்றுப் படம்பிடித்தால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம், யாருக்கும் கணக்கு வேண்டாம். பெயருக்குப் பதில் அட்டை எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அட்டையின் வடிவம் ஒவ்வொன்றும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்புவதும் கடினம்.

பிள்ளைகளின் அடையாளமே வராத வேலைகளில் தாராளமாக இறங்குங்கள். பாடக்குறிப்பைக் கூகுள் டாக்ஸில் தமிழில் பேசியே தட்டச்சு செய்யலாம். பழைய வினாத்தாளின் படத்தை டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே பிரித்துத் தரும், பிழை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில் வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் குவிந்துகிடக்கும் என்று ஊகிக்கிறேன். வேறு கணினியில் திறந்தால் கோழி கிளறியதுபோலத் தெரியுமே, அவைதான். எழுத்துரு மாற்றி கொண்டு ஒரே மூச்சில், எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் தேடவும் ஒட்டவும் ஆயுளுக்கும் உதவும். ஒளி, மின்சாரம் நடத்தும்போது கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) பாவனைச் சோதனைகளைத் திரையில் காட்டுங்கள். பலவற்றுக்குத் தமிழ் வடிவமே இருக்கிறது. நம் பாடநூல்களில் உள்ள க்யூ.ஆர். குறியீடும் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றைப் பார்க்காமல் புதிதாக வீடியோ தேடி அலையும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மதிப்பெண் பட்டியல்? லிப்ரே ஆபீஸ் இலவசம், பள்ளிக் கணினியிலேயே இருக்கும், இணையத்துக்குப் போக வேண்டியதில்லை. கூட்டல், சராசரி, தனித்தனிச் சீட்டு எல்லாம் அதில் முடியும். சீட்டை அச்சிட்டு நறுக்கி அந்தந்தப் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். நீங்கள் ஷீட்டைப் போடாமலே இருந்திருந்தாலும், அந்தக் குழுவில் இருந்த எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதில் பெரும்பாலானவை அம்மாக்களின் எண்கள். வகுப்புக் குழுவிலிருந்து ஒரு பெண்ணின் எண் எடுக்கப்பட்டு ‘குட் மார்னிங்’ படத்தில் தொடங்கி வேறெங்கோ போய் முடிவது என் அலுவலகத்துக்குப் புதிதல்ல. வெளியே சொல்ல முடியாமல், வீட்டில் தன்னையே சந்தேகப்படுவார்களோ என்று பயந்து, எண்ணை மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும் பெண்கள் எத்தனையோ பேர். பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். 256 பேர் வரை சேர்க்கலாம், செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி சேரும் என்பதால், பெற்றோர் கூட்டத்தன்றே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த எண்ணையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், பள்ளிக்கென்று ஒரு சிம் கேட்டுப் பாருங்கள்.

இயந்திரம் விடைத்தாள் திருத்தலாமா?

வினாத்தாள் தயாரிக்க ஏ.ஐ. உதவியை வாங்கிக்கொள்ளுங்கள், தடை இல்லை. ஆனால் விடைக்குறிப்பை நீங்கள் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் தேர்வுக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. இயந்திரம் இரண்டையும் குழப்பி ஒரு வினாவை எழுதினால், படித்த பிள்ளைதான் அதில் மார்க்கை இழக்கும். பாடப் பகுதியையே அதில் ஒட்டி, “இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்து” என்று சொன்னால் ஓரளவு அடங்கும்.

விடைத்தாளைப் படமெடுத்து ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள். பெயர், வகுப்பு, பள்ளி முத்திரை, பிள்ளையின் கையெழுத்து எல்லாம் அதில் போகின்றன. இலவச சாட்ஜிபிடியில் அமைப்பை மாற்றாவிட்டால் உரையாடல்கள் ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தப்படலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பயிற்சிக்குத் தராதே என்று அமைப்பை மாற்றுவது நல்லதுதான், ஆனாலும் படம் வெளியே போய்விட்டது போனதுதான். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. ஒரு பெற்றோர் வந்து, “என் பையனுக்கு ஐந்துக்கு இரண்டு எப்படி?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மதிப்பெண்ணுக்குக் கையொப்பம் உங்களுடையது. தமிழ்க் கையெழுத்து, அடித்து எழுதிய வரி, பாதி வரைந்த கண்ணின் படம் இவற்றையெல்லாம் இயந்திரம் எப்படிப் படித்தது என்று உங்களால் விளக்க முடியாது. ஐந்து மதிப்பெண் வினாவை நீங்களே திருத்துங்கள். நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால், எந்தக் குறிப்புக்கு எத்தனை மதிப்பெண் என்ற விரிவான விடைக்குறிப்பை ஏ.ஐ.யிடம் தயாரிக்கச் சொல்லிச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினால் கை வேகமாக ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே சாட்ஜிபிடியில் கணக்குத் திறக்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 13 வயதுக்குக் கீழே அதன் நிபந்தனைகளே அனுமதிப்பதில்லை, 18 வரை பெற்றோரின் அனுமதி வேண்டும் என்கின்றன.

பதிப்புரிமை பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆவது பிரிவு, கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதையும் தேர்வு வினாவில் பயன்படுத்துவதையும் அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அந்த விலக்கை விரிவாகவே வாசித்தது. பிள்ளைகளும் பெற்றோரும் மட்டும் பார்க்கும்படி வகுப்பில் ஒரு படத்தைத் திரையிடவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. ஆக, ஒரு கைடிலிருந்து நான்கு வினாவை எடுத்து உங்கள் வகுப்புக்குக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. உங்கள் சக ஆசிரியர் செய்வது வேறு. முழுக் கைடையும் ஸ்கேன் செய்து டெலிகிராமில் மாநிலம் முழுக்க அனுப்புவதைக் ‘கற்பிக்கும் போக்கு’ என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் வாதிட முடியாது. அந்தக் குழுவின் நிர்வாகிகள் பட்டியலில் உங்கள் பெயரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே விலகிவிடுங்கள்.

தலைமையாசிரியரிடம் எப்படிப் பேசுவது?

வாக்குவாதம் வேண்டாம். அவரும் பயந்திருக்கிறார், புகார் வந்தால் முதல் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல் பத்தியில் நடந்ததையும் சரிசெய்ததையும் சொல்லுங்கள். அடுத்து, எந்தெந்தக் கருவியை எந்த வேலைக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கிறீர்கள், அதில் பிள்ளையின் எந்த விவரம் போகும் அல்லது போகாது, தரவு யார் கணக்கில் இருக்கும், கல்வியாண்டு முடிவில் எப்போது அழிக்கப்படும் என்று கருவிவாரியாக ஒரு வரி. கூடவே பெற்றோருக்கான தமிழ் ஒப்புதல் படிவத்தின் மாதிரி. அதில் கருவியின் பெயரும் நோக்கமும் இருக்கட்டும், ‘வேண்டாம்’ என்று சொல்லவும் ஒரு கட்டம் இருக்கட்டும். வேண்டாம் என்பவரின் பிள்ளைக்கு அதே தேர்வு காகிதத்தில் தரப்படும் என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அது கட்டாயப்படுத்தி வாங்கிய ஒப்புதலாகிவிடும். 160 பேரில் நாலைந்து பேர் மறுத்தாலும் உங்கள் திருத்தல் வேலை பெரிதாகக் கூடிவிடாது.

அனுமதியோ மறுப்போ எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலகத்தில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துறையிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், பதில் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்த நகலையும் பகிர்வுத் திரையின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அப்போது கையோடு எடுத்துப் போங்கள்.